எடைக்கு எடை

திருமலைக் கோயிலில் துலாபாரத் தட்டு இருக்கிறது. ஒரு தட்டில் பிள்ளையை உட்கார வைப்பார்கள். மறு தட்டில் சில்லறைக் காசோ வெல்லமோ கற்கண்டோ ஏறும். பிள்ளை பூஞ்சையாக இருந்தால் செலவு குறைவு, ஆனால் பெற்றவள் முகம் வாடும். கொழுகொழுவென்று இருந்தால் செலவு கூடும், பெருமையும் கூடும். உடம்பின் எடையை இத்தனை பயபக்தியோடு அளக்கிற இன்னோர் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: பளுதூக்கும் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் திறக்கும் எடைபார்ப்பு அறை.

அங்கே வேண்டுதல் தலைகீழ். 77 கிலோ பிரிவில் இறங்குகிறவர் எடை இயந்திரத்தில் 77.00 காட்டலாம். 77.01 காட்டினால் வெளியே போக வேண்டியதுதான். கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பத்து கிராமைக் கரைத்துவிட்டுத் திரும்ப வரலாம். அதற்காக எச்சிலைத் துப்பிக்கொண்டே நடப்பார்கள், நாவறண்டு கிடப்பார்கள், தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் பக்கம் மொட்டையடிப்பது ஏழுமலையானுக்கு, அங்கே எடை இயந்திரத்துக்கு. அறையை விட்டு வந்ததும் வேறு கணக்கு. தன் எடைக்கு எடை தூக்கினால் துலாபாரத்தில் நேர்த்திக்கடன் தீரும். இந்த மேடையில் அது உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக்கூடப் போதாது. தன்னைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தலைக்கு மேல் நிறுத்தினால்தான் பேச்சே.

2014 ஜூலைக் கடைசியில், கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், கிளைட் அரங்கத்தின் ஒரே மேடையில் சில நாள் இடைவெளியில் இரண்டு பேர் தங்கம் வாங்கினார்கள். ஒருவர் சதீஷ் சிவலிங்கம். சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்கிற வேலூர் சத்துவாச்சாரிக்காரர். 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328. அந்த 149 அந்தப் போட்டிகளின் சாதனை எடை. மற்றவர் டேவிட் கட்டோவாட்டாவு. பசிபிக் கடலில் கிரிபாட்டி என்ற தீவு நாட்டுக்காரர், 105 கிலோ பிரிவு. 148, 200, மொத்தம் 348.

இந்தியா அந்தக் கிளாஸ்கோவிலிருந்து 64 பதக்கங்களோடு திரும்பியது. சதீஷின் தங்கம் 64-இல் ஒன்று. கிரிபாட்டிக்கு ஒன்றே ஒன்று. அந்த நாடு காமன்வெல்த் போட்டிகளில் அதற்குமுன் எந்தப் பதக்கத்தையும் தொட்டதில்லை. ஒரே அளவு வட்டமான தங்கத்தகடு ஓரிடத்தில் கூட்டத்தில் ஒரு தலை, இன்னோரிடத்தில் கூட்டமே அதுதான். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை.

கிரிபாட்டி என்றால் முப்பத்துச் சொச்சம் பவளத்தீவுகள், ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதாயிரம் சனம். பிரம்மோற்சவத்தில் கருட சேவையன்று திருமலை மாடவீதிகளையும் சுற்றுப்புறத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்குள் அந்த நாட்டையே தொலைத்துவிடலாம். பெரும்பாலான நிலம் கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். ஓங்கிய மலை கிடையாது, ஓடும் ஆறு கிடையாது. கட்டோவாட்டாவு பழகிய காலத்தில் அங்கே பளு தூக்கக் கூரையிட்ட கூடம் இல்லை. வெட்டவெளியில்தான் கம்பியும் தட்டுகளும். பகல் ஏறினால் கம்பி கையைச் சுடும் என்பதால் விடியற்காலையிலேயே பயிற்சியை முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சித்திரை மாதத்தில் அலிபிரிப் படிகளில் வெறுங்காலோடு ஏறிய யாருக்கும் அந்தச் சூட்டை விளக்க வேண்டியதில்லை. பிறகு கட்டோவாட்டாவு நியூ கலிடோனியாவில் இருந்த பசிபிக் தீவுகளுக்கான பயிற்சி நிலையத்துக்குப் போனார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பால் காஃபாவின் கையில் தேறினார்.

ஏன் பளுதூக்கல்? நீச்சலுக்குக் குளம் வேண்டும்; கடல் சூழ்ந்த தீவில் ஒலிம்பிக் நீச்சல்குளம் கட்டுவது கேலிக்கூத்து, ஆனால் கடலில் நீந்திப் பழகினவனுக்குச் சுவரில் உதைத்துத் திரும்பத் தெரியாது. ஓடுவதற்குத் தடம் வேண்டும். கால்பந்துக்குப் பதினொரு பேரும் அவர்களோடு மோத இன்னொரு பதினொரு பேரும் வேண்டும். இதற்கோ 20 கிலோ கம்பி ஒன்று, தட்டுகள், எட்டு வைக்க மரப்பலகை மேடை, கையில் பூசிக்கொள்ள வெள்ளைப்பொடி. சிவப்புத் தட்டு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. இந்தக் கணக்கு மாஸ்கோவிலும் அதுவே, கிரிபாட்டியின் தாராவாவிலும் அதுவே, சத்துவாச்சாரியிலும் அதுவே. சனத்தொகை கம்பியில் ஏறி உட்காருவதில்லை. தரை, காற்று, பார்வையாளர் கூச்சல், நடுவரின் மனசு இவையெல்லாம் மற்ற விளையாட்டில் எவ்வளவோ செய்யும். இங்கே மூன்று நடுவர்கள், வெள்ளை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு. நூறு கோடிப் பேர் பின்னால் நின்றாலும் 180 கிலோ 180 கிலோதான்.

இந்த இரும்பின் சமத்துவத்தை நான் ரொம்ப நாள் முழுசாக நம்பினேன். இப்போது பாதிதான் நம்புகிறேன். மேடைக்கு வருவதற்கு முன்னாலும் மேடையை விட்டு இறங்கிய பின்னாலும் எடைகள் ஒன்றாக இல்லை.

நவ்ருவின் மார்க்கஸ் ஸ்டீபனை எடுத்துக்கொள்ளுங்கள். 21 சதுர கிலோமீட்டர் தீவு, பத்தாயிரத்தைச் சுற்றி மக்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போன பையனை அதே பால் காஃபா பளுவுக்கு இழுத்தார். 1990 ஆக்லாந்து காமன்வெல்த்தில் ஸ்னாட்ச் தங்கம். அவர் நாட்டுக்கு முதல் தங்கம். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போக வேண்டும், ஆனால் நவ்ருவுக்கு அங்கீகாரம் பெற்ற ஒலிம்பிக் கமிட்டி கிடையாது. சமோவா நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு, அந்நாட்டுக் கொடியின் கீழ் தூக்கினார். 1994-இல் நவ்ருவுக்கு அங்கீகாரம் வந்த பிறகு 1996 அட்லாண்டாவிலும் 2000 சிட்னியிலும் தன் கொடியோடு நின்றார். ஆயுளில் ஏழு காமன்வெல்த் தங்கம், ஐந்து வெள்ளி. 2007 டிசம்பரில் அதே மனிதர் நாட்டின் அதிபரானார். 2011 நவம்பர்வரை இருந்தார். நம் ஊரில் விளையாட்டு வீரருக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தால் தெருவே வந்து மாலை போடும். அங்கே நாட்டையே கொடுத்தார்கள்.

கொடுத்த நாடு எப்படிப்பட்டது என்பதுதான் விஷயம். நவ்ருவின் மண்ணுக்கடியில் உயர்ந்த ரக பாஸ்பேட் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தோண்டினார்கள். ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் அது உரமாகப் போனது. 1968-இல் விடுதலை பெற்ற நாடு 1970-களில் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் உலகத்துப் பணக்கார நாடுகளில் ஒன்று. பாஸ்பேட் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது. தீவின் நடுப்பகுதி, கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு, கூர்கூரான சுண்ணாம்புத் தூண்களாக நிற்கிறது. பயிரும் வராது, குடியிருக்கவும் ஆகாது. எஞ்சிய சனத்துக்கு டப்பா உணவு, சர்க்கரை வியாதி, உலகத்திலேயே மிக அதிக உடல்பருமன் விகிதங்களில் ஒன்று. ஒரு தேசம் தன்னையே தட்டில் உட்காரவைத்து, தன் எடையைக் கப்பல் கப்பலாக நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடம்பை மட்டும் பெருக்கிக்கொண்டது. மேடையில் தன் உடம்பைக் கிராம் கணக்கில் காத்த ஒருவர் அதன் தலைவராக வந்தது சரித்திரத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். 2011 ஜூலையில் அவர் ஐ.நா. பாதுகாப்புச் சபையில், பசிபிக் சிறு தீவுகளின் சார்பில், பருவநிலை மாற்றம் பற்றிப் பேசினார். கிரிபாட்டிக்குச் சொந்தமான பனாபா தீவுக்கும் இதே கதிதான்: பாஸ்பேட்டுக்காக உரிக்கப்பட்டது, அங்கிருந்தவர்களை 1945-இல் ஃபிஜியின் ராபித் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். குப்பம் பக்கம் மலையை அறுத்துப் பாளம் பாளமாக லாரியில் ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நவ்ரு ஞாபகம் வருகிறது. எங்களுக்கு இன்னும் மலை மிச்சமிருக்கிறது, அவ்வளவே.

கட்டோவாட்டாவு அதிபராகவில்லை. அவர் ஆடினார்.

2016 ரியோவில், மூன்றாவது ஒலிம்பிக்கில், மூன்று முறையும் கொடி பிடித்தவர் அவர்தான். பதக்கத்துக்குப் பக்கத்தில் எங்கும் இல்லை. பலமானவர்கள் இறங்குவதற்கு முன் நடக்கிற பி குழுவில் தூக்கினார். தூக்கி இறக்கிவிட்டு மேடையிலேயே இடுப்பை ஆட்டி, கையைச் சுழற்றி, சிரித்துக்கொண்டே ஆடினார். கம்பி ஏறினாலும் ஆட்டம், ஏறாவிட்டாலும் ஆட்டம். அரங்கம் கைதட்டியது, படம் பிடித்தவர்கள் பாய்ந்து வந்தார்கள். ஏன் ஆடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இது: என் நாடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அது கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு இருப்பது இந்த மேடையும் இந்த ஆட்டமும்தான். கிளாஸ்கோ தங்கத்துக்குக் கிடைத்த பணத்தில் அவர் கட்டிய வீட்டைப் புயல் கொண்டுபோயிருந்தது. 2014-இல் அவர் நாட்டு அரசு ஃபிஜியில் இருபது சதுர கிலோமீட்டருக்கு நிலம் வாங்கிப் போட்டிருந்தது. பிற்காலத்தில் எங்கே போவது என்று ஒரு தேசம் மனை பார்த்த கதை அது.

அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சிகள் வேடிக்கைச் செய்தியாகத்தான் போட்டன. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. 200 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தி உலகத்தின் கவனத்தை வாங்க முடியாத ஒருவர், பத்து நொடி இடுப்பை ஆட்டி வாங்கினார். எது பளுவான வேலை என்று நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம்? பளுதூக்கலில் தங்கம் வாங்கியபோது எழுதாதவர்கள், தோற்று ஆடியபோது எழுதினார்கள்.

சதீஷ் ஆடவில்லை. அவர் ஆட வேண்டிய அவசியமும் இல்லை. இந்தியா எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சத்துவாச்சாரி எங்கே இருக்கிறது? அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர், ராணுவத்தில் இருந்தவர், தேசியப் போட்டிகளில் பதக்கம் கண்டவர், பிறகு வேலூரில் காவலாளி. மகனுக்கு முதலில் கம்பியைக் காட்டியது அவர்தான். கிளாஸ்கோவுக்குப் பின் தமிழக அரசு 50 லட்சம் அறிவித்தது, அர்ஜுனா விருது வந்தது, ரயில்வே வேலை இருந்தது. அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். சித்தூரில் ஒரு ஜிம்மில் வியர்த்து நின்ற பையனிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னா தம்பி, இந்த இரும்பத் தூக்கி இன்னாதான் கெடைக்கும்?"

"ரயில்வேல போஸ்டிங் கெடைக்கும்ணா. நேஷனல்ல மெடல் வாங்கினா போதும்."

"ஒலிம்பிக்?"

"அது மேலே இருக்கறவங்களுக்குண்ணா."

மேலே என்றதும் அவன் கையை மலைப்பக்கம் காட்டினான். கிண்டலா வேண்டுதலா தெரியவில்லை.

அவன் சொன்னதில் கணக்கு இருக்கிறது. ரியோவில் சதீஷ் 329 தூக்கினார். காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியதைவிட ஒரு கிலோ அதிகம். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது பதினோராம் இடம். அந்தப் பிரிவில் முதலிரண்டு பேரும் 379 தூக்கினார்கள். நடுவில் 50 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டை. காமன்வெல்த் முதல்வனுக்கும் ஒலிம்பிக் முதல்வனுக்கும் இடையே அந்த மூட்டை கிடக்கிறது. சீனா காமன்வெல்த்தில் கிடையாது, ரஷ்யா கிடையாது, கஜகஸ்தான் கிடையாது. அந்த 379-லும் ஒரு கதை. கஜகஸ்தானின் நிஜாத் ரஹிமோவும் சீனாவின் லூ ஷியாஜுனும் சமமாகத் தூக்க, உடம்பு இலேசானவர் என்பதால் ரஹிமோவுக்குத் தங்கம் போனது. ஆறு வருஷம் கழித்து, சிறுநீர் மாதிரியை மாற்றிக் கொடுத்த குற்றத்தில் அது பறிக்கப்பட்டது. தட்டுகள் பொய் சொல்வதில்லை, சரி. தட்டுகளைத் தூக்கிய ரத்தம் பொய் சொல்லும். இந்தியப் பளுதூக்கலும் இந்த விஷயத்தில் யோக்கியம் பேச முடியாது. 2004 ஏதென்ஸில் நம்மவர் இரண்டு பேர் சோதனையில் மாட்டினார்கள்.

2018 கோல்டு கோஸ்ட். சதீஷுக்குத் தொடையில் காயம், முழுப் பயிற்சி இல்லை. 144, 173, மொத்தம் 317. இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் முந்தியிருக்கலாம்; 171 கிலோவை இரண்டு முறை விட்டார். தங்கம் சதீஷுக்கே. இந்த 317-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நான்கு வருஷத்துக்கு முன் கிளாஸ்கோவில் இதே பிரிவில் ஒடிசாவின் கட்டுலு ரவிக்குமார் தூக்கியதும் சரியாக 317 தான். அப்போது அது வெள்ளி. இரும்பு மாறவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் மாறினார்கள். அதே கோல்டு கோஸ்டில் 85 கிலோ பிரிவில் ஆந்திராவின் ஸ்டூவர்ட்புரத்துப் பையன் ரகலா வெங்கட் ராகுல் 338 தூக்கி, 331 தூக்கிய சமோவாவின் டான் ஓபெலோகேவைத் தாண்டினார். ஸ்டூவர்ட்புரம் எப்படிப்பட்ட ஊர் என்று தெலுங்குப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்: வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி எருகலர்களைக் குடியமர்த்திய ஊர். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வாடகைக்கு வீடு தரத் தயங்கிய காலம் இருந்தது. ஒரு தீவுக்காரனோடு மோதியது இன்னொரு தீவுக்காரன் என்றுதான் அந்தப் போட்டியை நான் பார்த்தேன். தீவாவதற்குச் சுற்றிலும் கடல்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? சத்துவாச்சாரி, ஸ்டூவர்ட்புரம், ஸ்ரீகாகுளத்து ஆமதாலவலசை, மணிப்பூரின் மலையோரக் கிராமங்கள். நம் பளுதூக்கல் படத்தில் தனித்தனிப் புள்ளிகள். நடுவில் நூற்றுக்கணக்கான மைல், கம்பியைத் தொட்டே பார்க்காத சனம்.

ஆமதாலவலசை என்றதும் கர்ணம் மல்லேஸ்வரி வந்துவிடுகிறார். அங்கே நீலம்ஷெட்டி அப்பன்னாவிடம் பழகியவர். 1994, 1995 இரண்டு வருஷமும் 54 கிலோவில் உலக சாம்பியன். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பளுதூக்கல் முதன்முதலாக வந்தது 2000 சிட்னியில். அதற்குள் அவர் 69 கிலோ பிரிவுக்கு ஏறியிருந்தார். உடம்பு போட்டுவிட்டது, அவ்வளவுதான் இவள் என்று பேசியவர்கள் இருந்தார்கள். எங்கள் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார், பழைய வெள்ளிக் கவசம் இப்போது சேருவதில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே வாய்கள்தான் இதையும் பேசின என்பது என் ஊகம். செப்டம்பர் 19 அன்று ஸ்னாட்ச் 110, ஜெர்க் 130, மொத்தம் 240. சீனாவின் லின் வெய்னிங்கும் ஹங்கேரியின் எர்சேபெத் மார்குஷும் 242.5. அங்கேயும் சமம், அங்கேயும் இலேசான உடம்புக்குத் தங்கம். மல்லேஸ்வரி கடைசி முயற்சியில் 137.5 கேட்டார். ஏறியிருந்தால் தங்கம். ஏறவில்லை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்ற வரி அந்தத் தவறிய முயற்சிக்குப் பின்னால்தான் எழுதப்பட்டது. 2021-இல் தில்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் ஆனார். நவ்ருக்காரர் அதிபர், இவர் துணைவேந்தர், சதீஷ் ரயில்வே. தூக்கியதை இறக்கிய பிறகு யாருக்கு எந்த நாற்காலி என்பதை நாட்டின் பருமன் தீர்மானிக்கிறது. நாடு சின்னதாக இருந்தால் நாற்காலி பெரிது.

ஒன்று சொல்ல வேண்டும். சதீஷும் கட்டோவாட்டாவும் தங்கம் வாங்கிய பிரிவுகள் இன்றைக்கு இல்லை. 2018 கடைசியில் சர்வதேசக் கூட்டமைப்பு எடைப்பிரிவுகளை மாற்றியது. 77 போனது, 105 போனது. மல்லேஸ்வரியின் 54 அதற்கும் முன்பே போயிருந்தது. பழைய சாதனைகள் மூடிய பேரேட்டில் அப்படியே இருக்கும். யாரும் முறியடிக்க முடியாது, யாரும் தேடியும் போகமாட்டார்கள்.

மேடையும் சுருங்கியது. ஊக்கமருந்துச் சீர்கேட்டுக்குத் தண்டனை மாதிரி ஒலிம்பிக்கில் பளுதூக்கலின் பங்கை வெட்டிக்கொண்டே வந்தார்கள். ரியோவில் 15 பிரிவுகள், ஏறக்குறைய 260 பேர். 2024 பாரிஸில் 10 பிரிவுகள், 120 இடம். ஊசி போட்டவர்கள் பெரிய தேசங்களின் பெரிய கூடங்களில் வளர்ந்தவர்கள். இடம் இழந்தவர்களில் வெயிலில் சுடும் கம்பியோடு விடியலில் பழகுகிற தீவுப் பையன்களும் உண்டு, சத்துவாச்சாரிப் பையன்களும் உண்டு. பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து பளு தூக்கப் போனவர் மீராபாய் சானு ஒருவர்தான். ஆண்களில் ஒருவருமில்லை. அந்த ஓர் எண்ணிக்கையில் நாங்களும் கிரிபாட்டி அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். சித்தூர் ஜிம் பையனுக்கு இதெல்லாம் தெரியும். ரயில்வே ஆள் எடுக்கும்போது எந்தக் கிலோவில் காலியிடம் வரும் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி சாப்பாட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.